மெழுகுக் கட்டிகளை எங்கே வைப்பது? – வாசகர் கேள்வி, பதில்

வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்து விற்கும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வர்த்தி வார்ப்பதைப் பற்றியவை அல்ல; வாங்கி வந்த மெழுகை வீட்டில் எப்படிக் கெடாமல் வைத்திருப்பது என்பதைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கார்த்திகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் சேர்த்து வேலை செய்யலாம் என்று, விலை குறைவாகக் கிடைத்ததால், மார்ச் மாதத்திலேயே 25 கிலோ பாரஃபின் மெழுகு வாங்கி, மாடியில் தகரக் கொட்டகையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன். மே மாதக் கடைசியில் போய்ப் பார்த்தால் கட்டிகள் வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே எண்ணெய்ப் பசையாக இருக்கின்றன. மெழுகு கெட்டுவிட்டதா? கட்டிகளை எங்கேதான் வைப்பது?
– வாசகி, மதுரை

பதில்: சகோதரி, கவலைப்படாதீர்கள், உங்கள் மெழுகு கெடவில்லை, உருவம்தான் மாறியிருக்கிறது. பாரஃபின் என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரித்தெடுக்கப்படும் பொருள். அசாமின் டிக்பாயிலும் நம் சென்னை மணலியிலும் உள்ள சுத்திகரிப்பு ஆலைகளில் அது தயாராகிறது. உணவுப் பொருளைப் போல ஊசிப்போவதற்கோ பூசணம் பிடிப்பதற்கோ அதில் ஏதுமில்லை. ஆனால் பனிக்கட்டி உருகுவது போல, ஒரே ஒரு வெப்பநிலையில் சட்டென்று உருகும் பொருளும் அல்ல அது. நீளமும் குட்டையுமான பலவகை ஹைட்ரோகார்பன்கள் கலந்த கலவையாக இருப்பதால், 58 முதல் 60 டிகிரி வரை என்று கடைக்காரர் சொல்லும் உருகுநிலையை எட்டுவதற்கு வெகு முன்பே அது உறுதி குலைந்து, கையால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு இளகிவிடுகிறது. வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும் அக்னி நட்சத்திர நாட்களில், தகரத்துக்குக் கீழே உள்ள காற்று அதைவிடச் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் சாய்ந்து நின்ற கட்டி தன் எடையாலேயே வளைந்ததில் வியப்பில்லை.

எண்ணெய்ப் பசை என்று நீங்கள் எழுதியிருப்பதை இத்தொழிலில் இருப்பவர்கள் ‘மெழுகு வியர்க்கிறது’ என்பார்கள். முழுமையாகச் சுத்திகரிக்கப்படாத மெழுகில் சிறிதளவு எண்ணெய் தங்கியிருக்கும். இளகிய நிலையில் அது மேற்பரப்புக்குக் கசிந்து வரும். பழைய காலத்தில் ஆலைகளில் மெழுகிலிருந்து எண்ணெயைப் பிரிப்பதற்கே இந்த வழியைத்தான் கையாண்டார்கள் என்பது ஒரு சுவையான செய்தி: கட்டிகளைச் சூடான அறையில் வைத்து வியர்க்கவிட்டு, வழிந்த எண்ணெயை வடித்துவிடுவார்கள். நீங்கள் அறியாமலே உங்கள் கொட்டகையில் அதைச் செய்திருக்கிறீர்கள். அந்தப் பசையைப் பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, கட்டிகளை வழக்கம்போல உருக்கிப் பயன்படுத்தலாம். மிக அதிகமாக வியர்த்திருந்தால், விலை குறைவாகக் கிடைத்ததன் காரணமும் அதுவாகவே இருக்கலாம். அடுத்த முறை வாங்கும்போது, ஒரு துண்டை உடைத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். விரல் வழவழக்காமல் வறண்டிருந்தால் நல்ல மெழுகு.

இனி, எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான வீடுகளில் உடனே தோன்றும் இடம் பரண். வீட்டிலேயே மிக மோசமான இடமும் அதுதான். சூடான காற்று மேலே ஏறிப் பரணில் தங்குவதோடு, பகல் முழுவதும் வெயிலை வாங்கிய தளக்கூரை அந்த வெப்பத்தை இரவெல்லாம் கீழ்நோக்கி விட்டுக்கொண்டிருப்பதால், கூடத்தில் நமக்கு இதமாக இருக்கும் நேரத்திலும் பரணில் மெழுகு வெந்துகொண்டிருக்கும். மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரியும் ஏறத்தாழ அப்படித்தான். தரைத்தளத்தில், வெயில் படாத உட்சுவரை ஒட்டி, நாம் படுத்துறங்கும் அறையின் கட்டிலுக்கு அடியில் வைப்பது பரணைவிட நூறு மடங்கு நல்லது. 25 கிலோ என்பது கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும், உருக்கினாலும் சுமார் 32 லிட்டர்தான். கட்டிகளாகவே அடுக்கினாலும் இரண்டு எண்ணெய்த் தகரங்கள் நிற்கும் இடத்துக்குமேல் பெரிதாகத் தேவைப்படாது.

கட்டிகளைச் சாய்த்தோ நிறுத்தியோ வைக்காமல், சமமான பலகையின் மேல் படுக்கையாக அடுக்குங்கள். பலகையை நான்கு செங்கற்களின் மேல் தூக்கி வைத்தால், வீடு கழுவும் தண்ணீரும் எறும்புச் சாரையும் எட்டாது. ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே பட்டர் பேப்பரோ பழுப்புத் தாளோ விரியுங்கள். செய்தித்தாள் மட்டும் வேண்டாம். இளகிய மெழுகு அச்சு மையை அப்படியே இழுத்துக்கொள்ளும். தலையங்கத்தின் நிழல் விழுந்த வெள்ளை வர்த்தியை யாரும் வாங்கமாட்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, பத்து நாள் ஒரு வெப்பமானியை அந்த இடத்தில் வைத்து, பிற்பகல் 3 மணிக்கு என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 35 டிகிரிக்குள் இருந்தால் பாரஃபினைப் பொறுத்தவரை தயக்கமே வேண்டாம்.

இன்னொன்று: கடையிலிருந்து கொண்டுவரும் வழியில் பை காருக்குள்ளேயே கிடந்துவிட்டால் இத்தனை ஏற்பாடும் வீண். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

கேள்வி: சோயா மெழுகுச் செதில்களை 10 கிலோ பையாக வாங்கினேன். வாயைக் கட்டித்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் மழைக்காலம் வருவதால் அச்சமாக இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நெடுநாள் இருக்குமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐயா, வேண்டாம். குளிர்ந்த மெழுகை வெளியே எடுத்தவுடன், மழைக்காலக் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் துளித்துளியாகப் படியும். கட்டியாக இருந்தால் துடைத்துவிடலாம்; செதில்களாக இருப்பதால் ஒவ்வொரு செதிலுக்கும் இடையே நீர் புகுந்துவிடும். அந்த நீரோடு உருக்கினால் மெழுகு நுரைத்துப் பொரியும். வார்த்த வர்த்தியும் எரியும்போது சடசடக்கும்.

சோயா மெழுகு என்பது ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டிப்படுத்தப்பட்ட சோயா எண்ணெய். எண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், பாரஃபினைப் போல ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூடி இறுக்கமான, வெளிச்சம் ஊடுருவாத பிளாஸ்டிக் டிரம்மில், பையோடு சேர்த்தே உள்ளே இறக்கி, வாங்கிய மாதத்தை மேலே எழுதி, ஓராண்டுக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. ஜாடிகளில் ஊற்றுவதற்கென விற்கப்படும் சோயா மெழுகு பெரும்பாலும் 50 டிகிரியை ஒட்டியே உருகிவிடும் என்பதால், பாரஃபினுக்கு நான் சொன்ன இடத்தைவிடச் சற்றுக் குளிர்ச்சியான இடம் இதற்குத் தேவை. செதில்கள் கோடையில் ஒட்டிப் பாளமாகிவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. உடைத்துப் போட்டு உருக்கலாம். ஆனால் டிரம்மைத் திறந்தவுடன் பழைய எண்ணெயில் பொரித்த பலகாரத்தின் வாடை வந்தால், எவ்வளவு நறுமண எண்ணெய் ஊற்றினாலும் அதை மறைக்க முடியாது.

வார்த்த பிறகு சோயா வர்த்தியின் மேல் வெண்ணிறப் பூப்பூவாகப் படிவதைப் பற்றியும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அது நீங்கள் மெழுகை வைத்திருந்த முறையால் வந்த குறையன்று. அந்த மெழுகு மெல்ல மெல்லப் படிகமாவதன் இயல்பு.

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கும் உறவினர் ஒருவர் தேன்மெழுகு அனுப்பினார். சில மாதங்களில் அதன்மேல் சாம்பல் பூத்தாற்போல வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இது பூசணமா? உருக்காத அடைத் துண்டுகளும் கொஞ்சம் இருக்கின்றன.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பூசணம் அல்ல, சகோதரி. தேன்மெழுகிலுள்ள இலேசான பகுதிகள் மெல்ல மேற்பரப்புக்கு வந்து படிவதால் உண்டாவது அது; கலப்படம் இல்லாத மெழுகில் இயல்பாகக் காணப்படுவது. ஐயம் தீர வேண்டுமானால், தலைமுடி உலர்த்தும் கருவியால் சில நொடி இளஞ்சூடான காற்றைப் படவிடுங்கள். வெண்மை கரைந்து பழைய மஞ்சள் நிறம் மினுங்கும். பூசணமாக இருந்தால் அப்படி மறையாது.

நீங்கள் அஞ்ச வேண்டியது அந்த அடைத் துண்டுகளைப் பற்றித்தான். உருக்கி வடித்த சுத்தமான மெழுகில் மெழுகு அந்துப்பூச்சிக்கு இரை ஏதும் இல்லை. ஆனால் அடையில் மகரந்தமும் தேனீப் புழுக்கள் விட்டுச்சென்ற கூட்டுத் தோலும் இருக்கும். அவற்றைத் தின்றுதான் அந்தின் புழு வளர்கிறது. இருட்டான, காற்றோட்டமில்லாத டப்பாவில் அடையை மூடி வைத்தால், சில வாரங்களில் நூலாம்படையும் எச்சமுமாகத்தான் திரும்பக் கிடைக்கும். எனவே அடையை உடனே உருக்கித் துணியில் வடித்துவிடுங்கள். உடனே முடியாதென்றால், காற்றுப் புகாத பையிலிட்டு ஓரிரு நாள் உறைபெட்டியில் வைத்து எடுங்கள்; முட்டையும் புழுவும் மடியும். மேலே கோவை அன்பருக்குக் குளிர் வேண்டாம் என்று சொன்னவன் இங்கே வேண்டும் என்கிறேனே என்று நினைக்காதீர்கள். இது பூச்சியைக் கொல்வதற்காக மட்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டால் ஈரம் பையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும்.

உருக்குவதற்கும் வைப்பதற்கும் எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. இரும்பிலும் செம்பிலும் தேன்மெழுகின் நிறம் கறுத்தும் பச்சையேறியும் போகும். பாரஃபினைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் ஸ்டியரிக் அமிலத்துக்கும் இது பொருந்தும். அதைப் பித்தளை டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறேன். 40 கிலோ மெழுகு வைத்திருப்பது தெரிந்து, வீட்டுக்காரர் ‘பட்டாசு வைத்திருப்பது போல’ என்று சண்டைக்கு வருகிறார். அவ்வளவு ஆபத்தா?
– வாசகி, சென்னை

பதில்: பட்டாசோடு ஒப்பிடுவது சரியல்ல. வெடிப்பதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பொருள் பட்டாசு, மெழுகு அப்படியல்ல. ஒரு மெழுகுக் கட்டியின் மேல் எரியும் தீக்குச்சியை வைத்துப் பாருங்கள். அந்த இடம் இளகுமே தவிர, கட்டி பற்றிக்கொள்ளாது. ஏனென்றால் எரிவது கட்டி அல்ல, சூட்டில் அதிலிருந்து எழும் ஆவி. எரியும் வர்த்தியை ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகைக்கு அருகே தீக்குச்சியைக் கொண்டுபோனால், திரியைத் தொடாமலேயே சுடர் தாவி ஒட்டிக்கொள்வதைக் காணலாம். அந்த வெண்புகைதான் மெழுகாவி. சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத் தீப்பெட்டி ஆலைகளில் குச்சிகளைப் பாரஃபினில் தோய்ப்பதும் இந்த ஆவிக்காகவே. மருந்தில் பிறந்த தீ, மெழுகின் ஆவியைப் பற்றிக்கொண்டு மரத்துக்கு இறங்குகிறது.

ஆயினும் வீட்டுக்காரர் சொல்வதை நான் முற்றிலும் தள்ளிவிட மாட்டேன். வேறு காரணத்தால் வீட்டில் தீப்பிடித்தால், 40 கிலோ மெழுகும் உருகி, எரியும் எண்ணெயாகத் தரையெங்கும் ஓடும். ஆகவே மெழுகு எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதையே நான் முதலில் கேட்பேன். கேஸ் அடுப்பு இருக்கும் அறையில் வேண்டாம். இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். விளக்கேற்றும் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் வேண்டவே வேண்டாம். வெளியேறும் வழியிலும் மாடிப்படியின் கீழும் அடுக்காதீர்கள். மெழுகைவிட விரைவில் பற்றிக்கொள்பவை அது வந்த அட்டைப் பெட்டியும் வைக்கோலும் கோணியும் என்பதால், கட்டிகளை எடுத்து அடுக்கியவுடன் அவற்றை அப்புறப்படுத்திவிடுங்கள்.

உண்மையான ஆபத்து உருக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. அங்கே மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். மெழுகுப் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. பாரஃபினின் ஆவி பற்றிக்கொள்வதற்கு ஏறத்தாழ 200 டிகிரி வேண்டும். இந்த இடைவெளிதான் நம் பாதுகாப்பு. தப்பித்தவறி உருகிய மெழுகு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றிய நீர் எரியும் மெழுகுக்குக் கீழே போய் நொடியில் ஆவியாகி, நெருப்பை வாரிக் கூரைவரை இறைக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தின் வாயைவிடப் பெரிய தட்டை மெல்லச் சறுக்கி மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காமல் இருக்க வேண்டும். அந்தத் தட்டு வேலை தொடங்கும்போதே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கூடவே ஏபிசி வகை உலர்தூள் தீயணைப்பான் ஒன்றும் இருந்தால், வீட்டுக்காரரிடம் அதைக் காட்டியே பேசிவிடலாம். தட்டால் அடங்காத தீயோடு மல்லுக்கு நிற்காமல், வெளியே வந்து 101ஐ அழையுங்கள்.

என்னைக் கேட்டால், வாடகை வீட்டில் 40 கிலோ என்பது தேவைக்கு மிஞ்சியது. இரண்டு வாரம் வார்ப்பதற்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மொத்த விலையில் மிச்சமாகும் சில நூறு ரூபாய், வீடு மாற்றும் செலவுக்கு ஈடாகாது.

கேள்வி: மீந்த மெழுகைப் பாத்திரத்திலேயே உறையவிட்டு மறுநாள் அப்படியே சூடாக்குவது வழக்கம். சென்ற வாரம் நடுவிலிருந்து பீறிட்டு அடித்துக் கையில் பட்டுவிட்டது. தண்ணீர் ஏதும் கலக்கவில்லை. பின் ஏன் இப்படி?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கை ஆறிவிட்டதென்று நம்புகிறேன். உருகும்போது மெழுகின் பருமன் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே பெருகும். பாத்திரத்தின் அடியில் உள்ள மெழுகு முதலில் உருகி விரிகிறது. மேலே உறைந்த பாளம் பாட்டில் மூடி போல அடைத்துக்கொண்டிருக்கிறது. விரிந்த மெழுகுக்குப் போக இடமில்லாததால் அழுத்தம் ஏறி, பாளத்தில் எங்கே மெலிவாக இருக்கிறதோ அங்கே பீய்ச்சி அடிக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழில் பழகிய தொடக்க காலத்தில் என் வீட்டுச் சமையலறைக் கூரையில் விழுந்த மெழுகுத் திட்டு, அடுத்த வெள்ளையடிப்புவரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மீந்ததைச் சூடாக இருக்கும்போதே தட்டையான தட்டிலோ சிலிக்கான் அச்சிலோ விரலளவு கனத்துக்கு ஊற்றி, உறைந்ததும் வில்லைகளாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறமும் மணமும் சேர்த்த வில்லைகளைத் தனித்தனிப் பைகளில் இட்டு, என்ன மெழுகு, என்ன மணம், எந்த மாதம் என்று எழுதி வைப்பது அவசியம். மூன்று மாதம் கழித்து எல்லா வெள்ளை வில்லைகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இனி எப்போதாவது பாத்திரத்திலேயே உறைந்துவிட்டால், சூடாக்கும் முன் ஒரு திருப்புளியால் நடுவிலும் ஓரத்திலும் அடிவரை துளையிட்டுவிடுங்கள். கழுவும்போது சூடான மெழுகைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்; குழாயின் வளைவில் உறைந்து நின்றுவிடும்.

கேள்வி: மெழுகு, நறுமண எண்ணெய், நிறம், திரி எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வைக்க வேண்டாம். மெழுகு வாசனையை ஈர்த்து வைத்துக்கொள்ளும் பொருள். நறுமண எண்ணெய்ப் புட்டியின் மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும், நீங்கள் மணமில்லாமல் செய்ய நினைத்த வர்த்தியில் அந்த மணம் இருக்கும். அதைவிடக் கேடு, துணி அலமாரியில் அந்துருண்டையோடு மெழுகை வைப்பது. அந்த வாடை ஏறிய மெழுகை மீட்க வழியே இல்லை. நறுமண எண்ணெயைக் கரும்பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் இருட்டில் வையுங்கள். வெனிலா மணமுள்ளவை நாளாக ஆக வர்த்தியைப் பழுப்பாக்கும். அதற்கு மெழுகைக் குறை சொல்ல வேண்டாம். நிறப்பொடி வெயிலில் வெளிறும். திரி பருத்தி என்பதால் ஈரத்தை உறிஞ்சும். மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள்.

கேள்வி: அத்தை விட்டுச்சென்ற பெட்டியில் ஏழெட்டு ஆண்டுப் பழைய பாரஃபின் கட்டிகள் இருக்கின்றன. தூசும் எலி கொறித்த தடமும் உள்ளன. தூக்கிப் போட்டுவிடவா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: போட வேண்டாம். எலி கொறித்த பகுதியையும் அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தையும் கத்தியால் சீவி எறிந்துவிட்டு, மீதியை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒருமுறை வடிகட்டி, கலக்காமல் அப்படியே ஆறவிடுங்கள். மெழுகு தண்ணீரைவிட இலேசானது என்பதால், தங்கியிருக்கும் நீர்த்துளியும் நுண்ணிய மண்ணும் அடிக்குப் போய்விடும். முழுவதும் உறைந்தபின் பாத்திரத்தைக் கவிழ்த்துக் கட்டியை எடுத்து, அடிப்பக்கத்தை மட்டும் சுரண்டிவிட்டால் போதும். வெயில்பட்ட பகுதி சற்று மஞ்சளாக இருக்கலாம். அதை நிறம் சேர்க்கும் வர்த்திகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.